ஏரிக் கயிறும் கடல் கயிறும்: பழவேற்காட்டில் குறி கேட்கப் போனது

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை, விடிந்ததும் காட்டூரிலிருந்து பழவேற்காட்டுக்கு நடையைக் கட்டினேன். காரணத்தை மறைப்பானேன்? பொறாமைதான். அத்தை மகள் அஞ்சலை எனக்கென்றே பிறந்தவள் என்று நினைத்திருந்தேன். அவளோ உப்புத் தோணிக்கார முனுசாமியைக் கண்டால் சிரிக்கிறாள். என்னைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவள் மனதில் இருப்பது யார் என்று முகத்துவாரக் குப்பத்துக் கன்னியம்மாவிடம் குறி கேட்கக் கிளம்பினேன். என்னோடு சாயம் தோய்க்கும் தம்பி ஏழுமலை மட்டும், "அதெல்லாம் சும்மாண்ணா, போவாத" என்று தடுத்தான்.

தூரம் அரைக் காதத்துக்குச் சற்று அதிகம். நடந்தால் ஐந்து நாழிகை. உலாந்தா வெள்ளைக்காரர் கோட்டையைத் தாண்டினால் படகுத்துறை. குப்பத்துக்குப் படகுக் கூலி ஒரு காசு.

கன்னியம்மா காலையில் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர்; உச்சிப் பொழுதுக்கு மேல்தான் குறி. குடிசைக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி, துணிக் கிழிசல்கள் தொங்குகின்றன. யாரைப் பற்றிக் கேட்கிறோமோ அவர் உடுத்திய துணியில் ஒரு துண்டு கிழித்துவர வேண்டும். நானும் கொடியில் காய்ந்த அஞ்சலையின் சேலை ஓரத்தைத் திருடிப் போயிருந்தேன்.

பெயரைச் சொன்னதும், "காட்டூரு அஞ்சலையா? போன வெள்ளி இங்க வந்துச்சே நைனா" என்றார்.

அப்போதுதான் கயிற்றில் அதைப் பார்த்தேன். நானே நீலம் தோய்த்து மஞ்சள் கோடு விட்ட என் தலைத்துண்டின் மூலை. எலி கடித்தது என்றல்லவா நினைத்திருந்தேன்! துள்ளிக் குதித்தேன்.

"இன்னாத்துக்குக் குதிக்கிற? ஏரிப் பக்கம் கட்னா, ஏறுற தண்ணியோட ஆளு கிட்ட வரணும்னு. இது கடல் பக்கம். வத்துற தண்ணியோட போய்த் தொலையட்டும்னு கட்னது."

"ஏரிப் பக்கமும் எதுனா கட்னாளாக்கா?"

முகவாயால் காட்டினார். புதுக் கிழிசல், வெறும் வெள்ளை. முனுசாமி சிவப்பைத் தவிர எதையும் உடுத்த மாட்டான். வழியெல்லாம் அவனைத் திட்டியது வீண்.

"யாருதுக்கா?"

"அத நான் கேக்கறதில்ல."

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தண்ணீர் வற்றும்போது படகு தரை தட்டும், ஏறும்வரை காத்திருங்கள். குடிநீர் கொண்டுபோங்கள். உங்களுக்கு முன்னால் யார் வந்தார்கள் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். திரும்பும் வழியில் படகுக்காரர் முதல் மாடு மேய்ப்பவர் வரை, வெள்ளைத் துணி கண்ட இடமெல்லாம் அதன் ஓரத்தையே பார்த்தேன். எல்லார் மேலும் எரிச்சல்.

வீட்டு வாசலில் ஏழுமலை தன் வெள்ளை மேல்துண்டை உதறிக்கொண்டிருந்தான். ஒரு மூலையைக் காணோம்.

"எலிண்ணா" என்றான், நான் கேட்பதற்கு முன்பே.