பாசிக்காட்டுக் காவலர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே உள்ள பாசிக்காட்டைப் பார்க்கப் போனோம். வழிகாட்ட வந்தவர் அந்தக் காட்டின் காவலர். கட்டையான உடம்பு, இடுப்பில் பாராங் கத்தி. அதிகம் பேசமாட்டார். நாங்கள் போட்ட மிட்டாய்த் தாள்களை மட்டும் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தார்.

ஒரு வளைவில் கம்பிக் கண்ணியில் மான்குட்டி ஒன்று கால் எலும்பு தெரியத் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணி வைத்தவனும் அங்கேயே நின்றான். காவலர் முதலில் மான்குட்டியின் கழுத்தை அறுத்தார். பிறகு கத்தியைத் திருப்பி, அதன் முதுகால் அவன் காலில் ஓங்கி அடித்தார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. விழுந்த பிறகும் அடித்தார்.

"போதும்ண்ணே, செத்துருவான்," என்றேன்.

நிறுத்தினார். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பக்கம் இறங்கினார்.

"இவ்ளோ அடிச்சிட்டு ஏண்ணே சுமக்குறீங்க?"

"மான் காட்டோடது, கெடக்கட்டும். வெளியேருந்து வந்தத இங்க போட்டுட்டுப் போவக் கூடாதுலா."

அவன் ரத்தம் வழிந்து, அவர் பையிலிருந்த எங்கள் மிட்டாய்த் தாள்கள் நனைந்தன.

அவரை நல்லவர் என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் காட்டிலும் நான் ஒரு தாளைக்கூடக் கீழே போட்டதில்லை.