பெட்டி மேல் பூ

எழுபதுகளில் சித்தூர் சர்ச் காம்பவுண்டில் ஒரு தோட்டக்காரர் இருந்தார். நகக்கண்ணெல்லாம் செம்மண். ஈரச்சாக்கில் சுற்றிய செடிக்கொம்பு ஒன்று எப்போதும் அவர் சைக்கிள் கேரியரில் இருக்கும். செம்பருத்தியில் தொடங்கிய பித்து இட்லிப்பூ, நந்தியாவட்டை, மனோரஞ்சிதம் என்று அவர் வீட்டு வாசலில் ஒரு தோட்டமாகவே வளர்ந்துகொண்டே போனது.

“இவ்ளோ பூவும் யாருக்குங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்க வூட்டுக்காரிக்கு சார். பூன்னா உசுரு. எங்க சபையில பொம்பளைங்க தலையில பூ வெக்கக்கூடாது. வாசல்ல குந்திக்கினு பாத்துக்கினாவது இருக்கட்டும்னுதான்.”

அடுத்த மழைக்காலத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். சபையார் அந்தத் தோட்டத்துப் பூக்களையே பறித்து, வளையம் கட்டி, பெட்டியே தெரியாதபடி போட்டார்கள். தோட்டக்காரர் மட்டும் வெறுங்கையோடு நின்றார்.

“இப்ப மட்டும் வெக்கலாமா சார்?” என்று என்னிடம் கேட்டார்.

குழியில் போட என் கையிலும் ஒரு செம்பருத்தி இருந்தது. அதைப் போடவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.