எண்ணெய்த் தலையோடு ஒரு சித்திரைப் பகல்

சித்திரை வெயிலில் அருவியில் தண்ணீர் இருக்காது என்று நான் சொன்னதை, மதராஸிலிருந்து வந்த அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அப்போதுதான் லீவு. குற்றாலத்தில் குளித்த கையோடு, பாண்டியர் தலைநகராக இருந்த எங்கள் தென்காசியையும் சுற்றிப் பார்த்துவிட வேண்டுமாம். அருவிக்குப் போவதென்றால் எண்ணெய் தேய்க்காமல் முடியுமா? வீட்டிலேயே அக்கா எங்கள் தலைகளில் நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்து, தானும் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஐந்தருவியில் பாறைதான் காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் கண்ணில் வழிய வழிய பஸ்ஸுக்கு நின்று, தென்காசிக் கோயில் வாசலில் வந்து இறங்கினோம்.

"முழுகாம எண்ணெத் தலையோட உள்ள போவக் கூடாது," என்றாள் அக்கா.

"அப்ப ராஜா கட்டின கோயிலு?" என்றார் அத்தான்.

"வீட்டுல போயி குளிச்சிட்டு வருவோம்."

அதற்குள் நடை சாத்திவிடுவார்கள். அத்தானும் நானும் அக்கா பின்னால் வீட்டுக்கு நடந்தோம்.

வீட்டுக் கிணற்றடியில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த அத்தான் தற்செயலாக நிமிர்ந்தார். மதிலுக்கு மேலே, நடுவே பிளந்துபோன பழைய கோயில் கோபுரம் வெயிலில் நின்றது.

"காலையிலே இங்கனயே குளிச்சிருந்தா ரெண்டு சோலியும் முடிஞ்சிருக்கும்லா?" என்றார்.

நான் அடுத்த வாளியை அவர் தலையில் கவிழ்த்தேன்.