நின்ற இடத்தில் ஓடும் வண்டி

டர்போ வண்டியை மேடேற்றி வந்த கையோடு அணைக்கக் கூடாதாம். நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டுமாம். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற அந்த டர்போ கொதித்துக்கொண்டு இருக்கும், எண்ணெய் சுற்றி வந்து அதை ஆற்ற வேண்டும், பட்டென்று சாவியைத் திருப்பினால் அதோடு போச்சு. என் வீட்டுக்காரர் எனக்கு இந்தப் பாடத்தை எத்தனை தடவை எடுத்திருப்பார் என்று கணக்கே இல்லை. அவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை பார்த்தார். சாயங்காலம் பள்ளத்திலிருந்து அந்தப் பழைய டீசல் காரை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவார். நிறுத்திவிட்டு இறங்கமாட்டார். உள்ளேயே சாமி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

நான் சமையலறையில் இருந்தே கத்துவேன். "ஏனுங்க, அந்த எஞ்சினுக்கு இருக்கற மரியாத இந்த ஊட்டுல எனக்கு இருக்குதுங்களா?"

"அதுவும் சூடாயிருக்குது, நீயும் சூடாயிருக்கற. அது ஒரு நிமிசத்துல ஆறிரும்" என்பார்.

அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். டீசல் எஞ்சினின் படபடப்புக்கு அடியில் டொக்கு டொக்கென்று ஒரு தட்டல் கேட்கும், மரப்பெட்டியைக் கைமுட்டியால் தட்டுகிற மாதிரி. எங்கள் வீட்டுச் சமையலறை பின்பக்கம் இருக்கிறது. நடுவில் இரண்டு அறைகள். வேறு எந்த வண்டிச் சத்தமும் அங்கே வந்து சேராது, அந்தத் தட்டல் மட்டும் சேர்ந்துவிடும். அது கேட்டால்தான் டீக்குத் தண்ணீர் வைப்பேன். அவர் வருகிறார் என்று எனக்கு யாரும் போன் பண்ணிச் சொன்னதில்லை.

ஒரு மழைக்கால மத்தியானம், ஃபேக்டரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவேயில்லை. அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் பின்னாலேயே எங்கள் காரை ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி, சட்டென்று அணைத்தார். சொந்தபந்தமெல்லாம் கதறிக்கொண்டிருக்க, நான் எழுந்து வாசலுக்குப் போனேன். "ஏனுங்க, மேடேறி வந்த வண்டிய ஒரு நிமிசம் ஓட உட்டு ஆஃப் பண்ணக் கூடாதுங்களா? அத்தன அவசரமா உங்களுக்கு?" என்று அந்த மனுஷனைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார்கள். பேதலிக்காமல் வேறென்ன செய்யும்.

காரியமெல்லாம் முடிந்ததும் கோயமுத்தூரில் இருக்கிற மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, உனக்கு ஓட்டவும் தெரியாது. சும்மா நின்னு துருப்புடிக்கறதுக்கு வித்துரலாம்."

"அந்தப் பேச்சை எடுத்தீன்னா இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காத" என்றேன். பெற்ற மகளிடம் பேசுகிற பேச்சா அது! ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித்தான் வந்தது. அவளும் அழுதாள், நானும் அழுதேன், வண்டி வாசலிலேயே நின்றது.

பிறகு பனிக்காலம் வந்தது. எங்கள் ஊரில் பனி விழ ஆரம்பித்தால் காலையில் எல்லா வாசலிலும் வண்டிகள் புகை விட்டுக்கொண்டு நிற்கும். தினமும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி ஓடவிடாவிட்டால் பேட்டரி செத்துப்போகும் என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. எதிர்வீட்டு அம்மா கியரை எப்படி நியூட்ரலில் வைப்பது, சாவியை எப்படித் திருப்புவது என்று காட்டிக் கொடுத்தார். முதல் நாள் எஞ்சின் பிடித்துக்கொண்டதும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு நான் உள்ளே ஓடினேன். சமையலறையில் போய் நின்றேன். டொக்கு டொக்கென்று கேட்டது. ஐயோ, அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வேன்! அவர் வாசலில்தான் இருக்கிறார், இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான். வயிறு குளிர்ந்து போயிற்று.

அதற்கப்புறம் பேட்டரியை யார் நினைத்தார்கள்? பனிக்காலம் போய் வெயில் வந்தும் நான் நிறுத்தவில்லை. காலையில் ஒரு தடவை, சில நாள் சாயங்காலமும் ஒரு தடவை. வண்டி ஒரு அடி நகராது, எஞ்சின் மட்டும் ஓடும்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஒரு நாள் உதறல் எடுத்தது. குளிர்காய்ச்சல் வந்தவர் மாதிரி கிடுகிடுவென்று ஆடியது. சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக, இதோ அணைந்துவிடும் என்கிற மாதிரி இழுத்துக்கொண்டு ஓடியது. உள்ளே போய் நின்று பார்த்தேன். தட்டல் தாறுமாறாகக் கேட்டது. அது அவருடைய சத்தமில்லை. எனக்கு மிச்சமிருந்தது அவர் சத்தம் ஒன்றுதானே.

அவர் இருந்த காலத்திலிருந்து வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக்கை வரச்சொன்னேன். வந்தவர் பானட்டைத் திறப்பதற்கு முன்பே, "இன்ஜெக்டர் போயிருச்சுங்க்கா" என்றார்.

"தொறக்காமயே சொல்றீங்க, நீங்க மெக்கானிக்கா, ஜோசியரா தம்பி?"

சிரித்துக்கொண்டே திறந்தார். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத ஆள் என்றார். எதைக் கழற்றினாலும் சத்தம் மாறியது. நான்கு இன்ஜெக்டரும் ஒழுங்காக வேலை செய்தன. ஜோசியர் தலையைச் சொறிந்தார். டீசல் வரும் வழியில் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தார், உதறல் நின்றது. காலை எடுத்தார், திரும்பவும் உதறல். "மிதிச்சா நல்லாருக்குது, உட்டா ஆடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு வால்வைக் கழற்றி எடுத்தார். எஞ்சின் விடுகிற புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புகிற வால்வாம். உள்ளே தார் மாதிரி கரி அப்பிக்கிடந்தது. மூடவே முடியாமல் திறந்த வாக்கில் சிக்கி நின்றது.

"தினமும் ஸ்டார்ட் பண்ணிச் சும்மா ஓட உடறீங்களாக்கா?"

"ஆமா. பேட்டரி போயிருமில்ல."

"ஓட்டறதே இல்லீங்களா?"

"யாரு தம்பி ஓட்டறது?"

அவர் விரலில் ஒட்டிய கரியைத் துணியில் துடைத்தார். "நின்ன எடத்துலயே ஓடுனா கரிதானுங்க்கா புடிக்கும். டர்போ வண்டி மேடேறோணும், மூச்சுப் புடிச்சு இழுக்கோணும். அப்பத்தான் கரி வெளிய போகும்."

ஆக, என் வீட்டுக்காரர் வாசலில் இருக்கிறார் என்று நான் தினமும் ஓடவிட்டதுதான் அந்த எஞ்சினை மூச்சுமுட்ட வைத்திருக்கிறது. கேட்டதும் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "என்னமோ பண்ணுங்க, எனக்குப் பழைய சத்தம் வரோணும், அவ்வளவுதான்" என்று சாவியை அவர் கையில் திணித்தேன். வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போனார்.

திரும்பக் கொண்டுவந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வால்வு, புகை போகிற குழாய் எல்லாம் கழுவியாயிற்றாம். "கீழ குஞ்சப்பனை வரைக்கும் எறங்கி ஏத்திட்டு வந்தனுங்க்கா. மொதல்ல கருப்பா பொகை கக்குச்சு பாருங்க! அப்புறம் குதிரையாட்டம் வருது."

"இருங்க தம்பி, இங்கயே ஓடட்டும். நான் உள்ள போய்க் கேக்கறேன்" என்றேன். அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் சமையலறையில் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்தார்கள். எங்கோ நாய் குரைத்தது. இவர் எதற்கு அதற்குள் அணைத்தார் என்று எரிச்சலாக வந்தது.

"தம்பி, ஸ்டார்ட் பண்ணுங்க!" என்று கத்தினேன்.

"ஓடிட்டுத்தானுங்க்கா இருக்குது!"

வெளியே போய் பானட்டின்மேல் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. உள்ளே எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டல் எங்கேயும் இல்லை.

"டொக்கு டொக்குன்னு கேக்குமே தம்பி?"

"அதுங்களா! எஞ்சினத் தாங்கற ரப்பர் கிழிஞ்சு கெடந்துச்சுங்க்கா, அதுதான் இடிச்சுட்டு இருந்துச்சு. சார்கிட்ட எத்தனையோ தடவ சொன்னனுங்க, அடுத்த சர்வீசுக்குப் பாத்துக்கலாம்னே தள்ளிட்டாரு. உதறலுக்குப் பாத்த கையோட அதையும் மாத்திட்டனுங்க. இனி புது வண்டியாட்டம்!"

மெக்கானிக்மேல் என்ன தப்பு? பழுதைச் சரிசெய்யச் சொன்னேன், இருந்த பழுதையெல்லாம் சரிசெய்துவிட்டார். இத்தனை வருஷமாக நான் டீக்குத் தண்ணீர் வைத்தது ஒரு கிழிந்த ரப்பரின் சத்தத்துக்கு. அது என் காதுக்கு அவராக இருந்தது. பழைய ரப்பர் எங்கே என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அதை மாட்டினாலும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு யார் இறங்கப்போகிறார்கள்? ஒருவரும் இறங்கப்போவதில்லை. அது எனக்கு அந்த வாசலில் நின்றபோதுதான் முழுதாகத் தெரிந்தது.

"யாராச்சும் நல்லா ஓட்டறவங்க கேட்டா சொல்லுங்க தம்பி, குடுத்தரலாம்" என்றேன்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க்கா இப்படிச் சொல்றீங்க? இப்பத்தான வண்டி நல்லாச்சு!"

"நல்லாயிருச்சு தம்பி" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்குச் சண்டை போட்டுக்கொண்டு அழாமல் விட்டதையெல்லாம் அழுதேன்.