நெருப்புப்பெட்டியில் சங்குப்பூ விதை

எங்கள் சாமித்தட்டில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், ஒரு பழைய நெருப்புப்பெட்டி இருக்கிறது. உள்ளே குச்சியில்லை, நீலச் சங்குப்பூ விதை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு பிலிமத்தலாவையில் நாங்கள் வீடு கட்டி வந்த வருசம், என் ஓரகத்தி, அதாவது கணவருடைய தம்பி மனைவி, தன் வேலியில் காய்த்ததை உரித்து அந்தப் பெட்டியில் போட்டுத் தந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். "சும்மா ஊண்டி விடுங்கக்கா, தானா ஏறிக்கும்" என்றாள்.

பாதி விதையை ஊன்றினேன். ஏறியது. ஆனால் அவள் பக்கம் இலையே தெரியாமல் பூக்கும். என் பக்கம் எண்ணிப் பத்துப் பூ. வெள்ளிக்கிழமை தோறும் அவள் கட்டிய மாலைதான் மாரியம்மன் கழுத்தில் விழும். "இந்த நீலந்தான் ஆத்தாவுக்கு எடுப்பு" என்பார் பூசாரி. நான் கும்பிட்ட கை கும்பிட்டபடி நிற்பேன். வயிறு மட்டும் எரியும். ஆத்தா முகத்தைப் பார்க்காமல் மாலையைப் பார்த்துவிட்டு வந்த வெள்ளிக்கிழமைகள் எத்தனையோ.

தேயிலையோடு வளர்ந்தவள் நான். செடி தளர்ந்தால் யூரியா போட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வாராவாரம் ஒரு கை போட்டேன். கொடி வேலியை மூடி, தண்ணீர்த் தொட்டியையும் மூடியது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. பார்த்த என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே, அது கொழுந்துக்குப் போடுறதுடி! பூத்த தேயிலைய எந்தத் தோட்டத்துத் தொரை கேட்டாரு?"

அதே வாரம் ஓரகத்தி வேலியோரம் வந்து நின்றாள். "என்னாக்கா, ஒங்க கொடி மட்டும் இப்புடிச் செழிச்சுக் கெடக்கு? என்னா போடுறீங்க? எனக்குச் சொல்ல மாட்டீங்களே!" அவள் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த சாமான். அது எனக்கு இனித்தது. உள்ளே போய் யூரியாவை ஒரு பையில் அள்ளிக் கொடுத்தேன். "திருவிழா வருதுல்ல, நல்லாப் போடு" என்றும் சொன்னேன்.

திருவிழாவன்று அவள் கடையில் வாங்கிய செவ்வந்தியோடு வந்தாள். "பூவே நின்னு போச்சுக்கா. ஒங்க கொடியப் பாத்துப் பொறாமைப்பட்டேன்ல, ஆத்தா தண்டிச்சிட்டா." நான் திருநீறு பூசிக்கொண்டேன்.

இப்போது அவள் கொழும்புப் பக்கம் மகனோடு இருக்கிறாள். பழைய கொடியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியில் மிச்சமிருந்த விதையை ஊன்றினேன். உரமே போடவில்லை. வேலி முழுக்க நீலம். போன வெள்ளிக்கிழமை என் முதல் மாலையைக் கொண்டுபோனேன். பூசாரி வாங்கிப் பார்த்து, "அந்தம்மா கட்டுற மாதிரியே இருக்கே" என்றார். இத்தனை வருசம் கழித்தும் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து, புதிதாய்க் காய்த்த விதையை அதே பெட்டியில் நிரப்பினேன். நடந்ததைச் சொல்லி அவளுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான். ஆத்தா சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்புறம், அவள் கைக்கு இது இன்னும் நன்றாகப் பூத்துவிடுமே என்றும் நினைத்தேன்.

பெட்டி சாமித்தட்டில்தான் இருக்கிறது.