தரைக்குக் கீழே ஒரு முழம்

சைகோனில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், நாங்கள் நடந்த தரை உண்மையான தரை அல்ல. சிமெண்டுத் தளத்தின் மீது ஒரு முழ உயரத்துக்கு இரும்புக் கால்களை நிறுத்தி, அவற்றின் மேல் சதுரச் சதுரமாகப் பலகைகளைப் பொருத்தியிருந்தார்கள். நடந்தது, உட்கார்ந்தது, மதியம் சாப்பிட்டது எல்லாமே அந்தப் பலகைகளின் மேல்தான். கட்டடத்தைப் பராமரிப்பது என் பொறுப்பு. அடியில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தவன் அங்கே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

நான் இயல்பிலேயே பயந்தவன். "இவன் தன் நெழலப் பாத்தே பயப்படுவான்" என்று காரைக்காலில் என் உம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வாடிக்கையாளர்கள் வந்தால் முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தரையைத் திறந்து காட்டச் சொல்வார். ரப்பர் கிண்ணம் வைத்த கைப்பிடியைப் பலகையில் அழுத்தி இழுப்பேன். பானை மூடி மாதிரி அது எழும்பி வரும். உள்ளே ஒரு பக்கம் மின்சார வயர்கள், மறுபக்கம் கணினி வயர்கள். மேசைகளை இடம் மாற்ற வேண்டுமென்றால் சிமெண்டை உடைக்க வேண்டாம்; பலகையைத் தூக்கி வயரை இழுத்துக்கொண்டால் முடிந்தது. துளை போட்ட பலகைகள் வழியாகக் குளிர்காற்று கீழிருந்து மேலே வரும். சூடாகும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பலகைகளைப் போட்டால் குளிர்ச்சி வேண்டிய இடத்துக்கே போய்ச் சேரும். இவ்வளவையும் நான் சொல்லி முடித்ததும் முதலாளி தன் பங்குக்கு ஒன்று சொல்வார்: கீழே வெள்ளம் வந்தாலும் எங்கள் மேசைகள் நனையாது.

எனக்குப் பயம் தந்தது அந்த ஒன்றுதான். அலுவலகம் இருந்த பூ மி ஹங் என்ற பகுதி, சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த புதுநகரம். எங்கள் அலுவலகமோ தரைத்தளத்தில். மழையும் ஆற்றின் ஏற்றமும் ஒரே நாளில் வந்தால் சாக்கடைத் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். மேலே நாங்கள் காய்ந்த பலகையில் காலுறையோடு நடந்துகொண்டிருப்போம். கீழே வயர்கள் நனைந்துகொண்டிருக்கும். முதலாளியிடம், ஈரம் பட்டால் ஒலிக்கிற கருவி ஒன்று வாங்கித் தாருங்கள் என்று கேட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

அந்தத் தரையில் ஒரு பலகை மட்டும் எப்போதும் திறந்தே இருந்தது. வாசலைப் பார்த்த மூலையில், நில தெய்வத்துக்கும் செல்வ தெய்வத்துக்குமான சிவப்புப் பெட்டி. இந்த ஊரில் கடையென்றாலும் அலுவலகமென்றாலும் அது இருக்கும். தரையில்தான் இருக்க வேண்டும். பலகை மேல் வைத்தால் அது தரையாகாது என்று எங்கள் கணக்காளர் பெண் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ஆகவே ஒரு பலகையை எடுத்துவிட்டுப் பெட்டியைக் குழிக்குள், சிமெண்டின் மேலேயே வைத்தார்கள். உள்ளே மெழுகுவத்தி மாதிரி இரண்டு சிவப்பு மின்விளக்குகள். அவற்றின் வயர் தரைக்கடியில் ஓடிய பிளக் பெட்டியில் சொருகியிருந்தது.

அந்தக் குழியைப் பற்றி நான் முணுமுணுக்காத நாள் இல்லை. குளிர்காற்று வீணாகிறது, யாராவது கால் இடறி விழப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். என்னை மரியாதையாக "ஆன்", அதாவது அண்ணன் என்று அழைக்கிற அந்தக் கணக்காளர் பெண், அந்தப் பேச்சு வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. தினமும் காலையில் குழியின் ஓரத்தில் மெல்ல மண்டியிட்டு, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, பிறகு கையை உள்ளே விட்டுப் பழைய பூவை எடுத்துப் புதுப் பூவை வைப்பாள்.

முந்தின நாள் மாலை முழுக்க மழை கொட்டிய ஒரு காலையில், நான் உள்ளே வந்தபோது அவள் கண்ணை மூடி மண்டியிட்டிருந்தாள். தரை காய்ந்திருந்தது. எல்லாம் வழக்கம்போல்தான் இருந்தது. ஆனால் குழிக்குள் இரண்டு சிவப்பு விளக்குகளுக்குப் பதில் நான்கு தெரிந்தன. கீழே இருந்த இரண்டும் லேசாக ஆடின.

தண்ணீர். விளக்கு எரிகிறதென்றால் அந்தத் தண்ணீருக்குள் மின்சாரம் ஓடுகிறது. அவள் கண்ணைத் திறந்து கையை நீட்டினாள்.

"கைய உள்ள உடாதே, புள்ளே!" என்று அலறிவிட்டேன். இங்கிலீஷும் வரவில்லை, அந்த ஊர் மொழியும் வரவில்லை. அவள் கை இன்னும் கொஞ்சம் கீழே போனது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்ததும் பாதியில் நின்றது. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தேன். அலுவலகமே இருண்டது. அறைக்குள்ளிருந்து முதலாளி கத்திக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. என்ன கத்தினார் என்பது நினைவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து பலகைகளைத் தூக்கினார். எல்லா இடத்திலும் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். பிளக் பெட்டி அதற்குள் முழுகிக் கிடந்தது. மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிட வேண்டிய சுவிட்ச் ஏன் அணையவில்லை என்று கேட்டேன். மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறதென்று, பழைய ஒப்பந்தக்காரர் யாரோ அதை ஒதுக்கிவிட்டு நேராக வயர் கொடுத்திருக்கிறார் என்றார். கை பட்டிருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அவளுடைய வயிற்றைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மின்சாரம் இல்லாததால் எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். நடைபாதை மரத்தடியில் இரண்டு இளநீர் வாங்கி வந்து அவளிடம் ஒன்றைக் கொடுத்தேன். எங்களுக்குப் பொதுவான உடைந்த இங்கிலீஷில் அவள் பேசினாள்.

"புரியாத பாஷையில கத்தினதும், நீங்க என் சாமியத் திட்றீங்கன்னுதான் நெனச்சேன், ஆன். தினமும் அந்தக் குழியப் பத்திக் கொற சொல்றவரு, வெள்ளிக்கெழம பள்ளிவாசலுக்குப் போறவரு. எனக்குக் கோவம் வந்துச்சு. வேணும்னே கைய உள்ள விடப் போனேன்."

"அப்புறம் ஏன் நின்னே?"

"உங்க மொகத்தப் பாத்தேன். திட்றவங்க மொகம் அப்படிப் பயந்து போயிருக்காது."

நான் இளநீரைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை மாதம் தரைக்கடியில் வரப்போகும் தண்ணீரை நினைத்துப் பயந்திருக்கிறேன். அலுவலகத்தில் எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தவளின் மனசுக்குள் என்ன சேர்ந்துகொண்டிருந்தது என்பதை நினைத்து ஒரு நாள்கூடப் பயந்ததில்லை.