எந்த ஷிப்டில் தூங்கும் சார்?

எங்கள் வீட்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ் இருக்கின்றன. ஒன்று பச்சை, ஒன்று நீலம். லவ் எல்லாம் பெயரில்தான். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, என்றோ பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு பேர் மாதிரிதான் கம்பியில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருக்கும். மூக்குக்கு மேல் நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து டியூப் லைட்டில் பார்த்தால் இரண்டும் ஒரு மாதிரி ஊதாவாகத் தெரிந்தது. பச்சை நாள் முழுக்கப் பேசும். அதனால் அது பெண் என்றேன் நான். ஒரு வேலையும் பார்க்காமல் பேசிக்கொண்டே இருப்பதால் அது ஆண் என்றாள் என் மனைவி. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்குத் தர ஆய்வு வேலை. செய்து முடித்த பாகங்களை அளந்து, சரியானதை ஒரு பக்கமும் சரியில்லாததை இன்னொரு பக்கமும் வைப்பது. கீழே குடியிருக்கும் ஓனர் அக்கா வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், மாடி அறைப் பையன்கள் இந்தி. எல்லோரும் எங்களிடம் தமிழில்தான் பேசுவார்கள். ஆனால் ஏதாவது சிரிப்பான பேச்சு வந்துவிட்டால் அவரவர் மொழிக்குள் போய்விடுவார்கள். அந்த இடத்தில் என் மனைவி எதற்கென்று தெரியாமலேயே கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுவாள். நானோ வீட்டில் இருக்கும் நேரத்தில் தூங்குகிறேன், தூங்காத நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. அதற்குத்தான் இந்தப் பறவைகள்.

பச்சை அவளுக்குப் பதில் சொல்லும். அம்மாவின் முட்டுவலி, ரேஷன் கடை வரிசை, என் குறட்டை என்று அவள் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு நீளமாக ஏதோ சொல்லும். "இதுக்கு நம்ம ஊர்ப் பேச்சு நல்லா புரியுது, பாத்தீயளா" என்பாள். நீலம் தினையைக் கொறித்துக்கொண்டு சுவரைப் பார்க்கும்.

இதில் சிக்கல் என் ஷிப்டுதான். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. இரவு ஷிப்டு வாரத்தில் நான் விடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரம் பார்த்துத்தான் பச்சைக்கு உலகத்துச் சேதியெல்லாம் ஞாபகம் வரும். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் கொடுத்த கறுப்புக் கம்பளி பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்துக் கூண்டின் மேல் போர்த்தினேன். சுவிட்சை அணைத்ததுபோல் சத்தம் நின்றது. சாயங்காலம் நான் எழுந்து கம்பளியை எடுத்தால் இரண்டும் கொட்டாவி விட்டபடி எழுந்திருக்கும். நான் வேலைக்குப் போனதும், தனியாக இருக்கப் பயந்து மனைவி லைட்டையும் டிவியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவையும் கூட விழித்திருக்கும். அடுத்த வாரம் காலை ஷிப்டு. அவையும் காலை ஷிப்டு. வேலையை எளிதாக்கும் சின்ன மாற்றத்துக்குத் தொழிற்சாலையில் கைசன் என்று பெயர்; இது அப்படி ஒரு கைசன் என்று அங்கே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

மழை முடிந்து குளிர் தொடங்கிய சமயம். ஒருநாள் கூண்டின் அடித்தட்டு முழுக்கப் பச்சையாக இருந்தது. கொத்தமல்லித் தழை போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் இறகு. பச்சை கம்பியில் இல்லை, தரையில் ஒரு மூலையில் பஞ்சுப் பந்து மாதிரி உப்பி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. தினையைத் தொடவில்லை.

"ஏங்க, காலைலருந்து நானே பேசிக்கிட்டிருக்கேன். இது ஒரு வார்த்தை பேசமாட்டேங்கு" என்றாள்.

"தொண்டை கட்டியிருக்கும்."

"வெளயாடாதீய. இதுவும் போச்சுன்னா நான் இந்த ஊர்ல யாருட்ட பேசுவேன்?"

என்னிடம் பேசேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் கண்ணே சொருகிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

நீலத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் குழப்பம். அதே கூண்டு, அதே தினை, அதே தண்ணீர், அதே கம்பளி. அது முன்னைவிடக் கொழுத்து, பச்சையின் பங்கையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது.

ஓனர் அக்கா மேலே வந்து பார்த்தார். "ஜன்னலண்ட வச்சிகீறியே, ஓசூர் காத்து சும்மா வுடுமாப்பா? மனுசனுக்கே தாங்கல. எடத்த மாத்து மொதல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்ணு பட்டிருந்தாலும் பட்டிருக்கும். எதிர் வூட்டுக்காரம்மா தெனமும் பாத்து எவ்ளோ அழகுன்னு சொல்லிகினு இருந்திச்சி" என்று ஒரு சந்தேகத்தையும் வைத்துவிட்டு இறங்கினார்.

தொழிற்சாலையில் என்னோடு ஆய்வு மேசையில் நிற்கிற நண்பன் கெலமங்கலத்துக்காரன். வீட்டில் மாடும் கோழியும் உண்டு என்பதால் உயிருள்ள எதைப் பற்றியும் கருத்துச் சொல்வான். ஒரு பாகம் பழுதாகிவிட்டால் 'ஏன்' என்று வரிசையாகக் கேட்டு மூல காரணத்தைப் பிடிப்பது எங்கள் பிழைப்பு. டீ இடைவேளையில் அதையே பச்சைக்கும் நடத்தினான்.

"எறகு ஏன்டா வுழுது?"

"ஒடம்புல பலமில்ல."

"ஏன் பலமில்ல?"

"திங்க மாட்டேங்குது."

"ஏன் திங்கல?"

"மனசு சரியில்லபோல."

"ஏன் சரியில்ல? நாளெல்லாம் வூட்டுக்குள்ளயே கெடக்குது. ஏன் வூட்டுக்குள்ள கெடக்குது? நீ வாங்கியாந்த. ஏன் வாங்கியாந்த?"

"வீட்டம்மாவுக்குப் பேச ஆள் இல்ல."

"ஏன் ஆள் இல்ல? நீ கண்ணாலம் கட்டி இங்க இட்டாந்துட்ட." டீ டம்ளரை வைத்தான். "ரூட் காஸ் வந்துட்ச்சி. உன் கண்ணாலம். கரெக்டிவ் ஆக்ஷன் என்னான்னு வூட்ல நீயே சொல்லிக்க. என்னை இதுல இழுக்காத."

முறைப்படி பார்த்தால் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று மதியம் நல்ல பாகம் ஒன்றைச் சரியில்லாத பக்கம் வைத்து, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் பச்சை அதே மூலையில். என் மனைவி கூண்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எதுவும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அதற்குமேல் விகடம் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. கூண்டோடு வண்டியில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே முன்னால் ஒரு கன்றுக்குட்டி, இரண்டு ஆடு, காது அறுந்த ஒரு நாய். ஆட்டுக்காரர் கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டுக்கு ஊசி எங்கப்பா போடுவாங்க?" என்று கவலைப்பட்டார். எனக்கும் அதுதான் கவலை.

டாக்டர் பச்சையைக் கையில் பிடித்து, இறக்கையை விரித்து, ஊதிப் பார்த்தார். "பூச்சி ஒண்ணும் இல்ல. இறகு உதிர்த்து மாத்துறது இதுங்களுக்கு வழக்கந்தான். ஆனா இவ்வளவு ஒரேயடியா உதிர்க்கக்கூடாது. இது எப்பத் தூங்கும், எப்ப எந்திரிக்கும்?"

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"எந்த ஷிப்டில் சார்?" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். மனைவி முந்திக்கொண்டாள். "இவங்க நைட் ஷிப்டுன்னா அதுவும் நைட் ஷிப்டு சார். பகல்ல கம்பளியப் போட்டு மூடிருவாங்க. நான் லைட்டப் போட்டுருப்பேன். இவங்க ரெண்டாம் ஷிப்டுன்னா அது வேற மாதிரி."

"வார லீவு உண்டா?" என்றார் டாக்டர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதனால் உண்டு என்றேன்.

"அப்ப கம்பளிதான் காரணமா சார்?" என்று கேட்டேன். எனக்கு ஒரே ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"இருக்கலாம். பகலும் ராத்திரியும் மாறி மாறி வந்தா இதுங்களுக்கு இறகு கொட்டும். குளிர் காத்தும் சேர்ந்திருக்கலாம். வெறும் தினையே தின்னு சத்துக் குறைஞ்சிருக்கலாம்."

"நீலத்துக்கு ஒண்ணும் ஆகலையே சார்?"

"ஒரே கஷ்டம் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரியா வருது? ரொம்பத் தளர்ந்திருக்கு, கொஞ்சம் கஷ்டந்தான். சூடா வச்சிருங்க. பொழுது விடிஞ்சா விடியட்டும், இருட்டினா இருட்டட்டும். பார்க்கலாம்."

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் மாற்றினோம். கம்பளி கூண்டை விட்டு, பகலில் தூங்கும் என் தலைக்கு வந்தது. ராத்திரியில் கூண்டுப் பக்கம் லைட் போடுவதை மனைவி விட்டாள். காற்று புகாத இடம் தேடியதில் பாத்ரூம் கதவுக்கு நேர் எதிரே இருந்த சுவர்தான் தேறியது. கூண்டை அங்கே மாட்டினோம். ஊறவைத்த தினை, மசித்த அவித்த முட்டை, சுண்ணாம்புச் சத்துக்குக் கம்பியில் செருகிய கடல்நுரை ஓடு. ஓனர் அக்கா மிளகாயும் உப்பும் எடுத்து வந்து கூண்டைச் சுற்றி, எதிர் வீட்டுக்குத் தெரியாமல் பின்பக்கம் அடுப்பில் போட்டார். நெடியில் மூன்று பேரும் இருமினோம். நீலமும் இருமியது என்று மனைவி சொல்கிறாள். பறவை இருமுமா என்று எனக்குத் தெரியாது.

பச்சை உடனே ஒன்றும் எழுந்துவிடவில்லை. மனைவி முட்டையை விரல் நுனியில் வைத்து நீட்டுவாள், அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு ஒருநாள் விரலை ஒரு கொத்துக் கொத்தியது. அவள் அதைப் பரிசு வாங்கியவள் மாதிரி என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். கழுத்தில் முள் முள்ளாகப் புது இறகு முளைத்தது. முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி இருந்தது; அதைச் சொன்னதற்கு எனக்கு அன்று சட்னி கிடைக்கவில்லை. மறுநாள் கம்பிக்கு ஏறியது, நழுவியது, திரும்ப ஏறியது.

அடுத்த இரவு ஷிப்டு வாரம் வந்தது. பட்டப்பகலில் தூக்கத்தின் நடுவே அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு சின்னக் கிறீச். நிறுத்திவிட்டு இன்னொன்று. அப்புறம் மூச்சுவிடாமல் நீளமாக. சமையலறையில் கரண்டி சத்தம் நின்றது. "எங்கல போன இத்தன நாளு?" என்றாள் என் மனைவி. அது ஏதோ சொன்னது. "ஆமா, ஒனக்கென்ன" என்றாள். பிறகு அம்மாவின் முட்டுவலியிலிருந்து விட்டுப்போன எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். அன்று நான் தூங்கவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது என் குழப்பம் வேறு. எது குணமாக்கியது? ஒரே நேரத்தில் இத்தனையை மாற்றிவிட்டு, பழுது நின்றுவிட்டது, ஆனால் எதனால் என்று தெரியாது என்று தொழிற்சாலையில் போய்ச் சொன்னால் என்னைத்தான் சரியில்லாத பக்கம் வைப்பார்கள். ஓனர் அக்காவைக் கேட்டால் மிளகாய். நண்பனைக் கேட்டால் முட்டை. டாக்டரைக் கேட்டால் இருக்கலாம். காரணம் தெரியாததால் ஒன்றையும் விட முடியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வீடு முழுக்க மிளகாய் நெடி. பாத்ரூமுக்குள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியே வரும்போது கதவு கூண்டில் இடிக்கும், இரண்டும் சேர்ந்து கத்தும்.

போன வாரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "ஒவ்வொண்ணா பழையபடி மாத்திப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும். மொதல்ல கூண்டை மட்டும் ஜன்னலண்ட வச்சுப் பாப்போமா?"

மனைவி பச்சைக்கு முட்டை மசித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஜன்னலண்ட நீங்க போய்ப் படுத்துப் பாருங்க" என்றாள். "எறகு கொட்டுதான்னு நாங்க பாத்துச் சொல்லுதோம்."